டெலிவிஷன் பெட்டிக்குள் ஒரு சூரியன்!

கண் கூசும் வெளிச்சத்தை நிபுணர்கள் அளப்பது எப்படி? வீட்டில் நாம் திருத்துவது எப்படி?

2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் டெலிவிஷன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து இருந்தன. "கேம் ஆப் திரோன்ஸ்" என்ற தொடர் நாடகத்தின் பெரிய சண்டை அன்றுதான் வருகிறது. செத்துப் போனவர்களின் சேனை ஒரு கோட்டையை முற்றுகை இடுகிறது. கொட்டும் பனி. நடு இரவு. இந்தச் சண்டையைப் படம் பிடிக்க 55 இரவுகள் ஆயின.

நாடகம் தொடங்கியது. ஜனங்கள் கண்ணைக் கசக்கிக் கொண்டார்கள். திரையில் ஒன்றும் தெரியவில்லை! யார் வெட்டுகிறார், யார் விழுகிறார் என்று புரியவில்லை. ஒரே கறுப்பு. நடுநடுவே ஒரு தீப்பந்தம். மறுபடியும் கறுப்பு.

மறுநாள் புகார்கள் குவிந்தன. "இவ்வளவு செலவு செய்து இருட்டையா காட்டுவது?" என்று ரசிகர்கள் கோபித்துக் கொண்டார்கள்.

அதைப் படம் பிடித்தவர் பேபியன் வாக்னர். அவர் விட்டுக் கொடுக்கவில்லை. படம் இருட்டு அல்ல, பார்த்தவர்கள் பலர் தங்கள் பெட்டியைச் சரியாகத் திருத்தி வைக்கவில்லை, அறையில் விளக்கைப் போட்டுக் கொண்டு பார்த்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி, படம் வீட்டுக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறது. இன்டர்நெட்டில் அனுப்பும்போது படத்தை நசுக்கிச் சுருக்குகிறார்கள். அப்படிச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டான பகுதிதான். அதோடு அன்று ஒளிபரப்பானது சாதாரண ரகப் படம். 2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் அதே நாடகம் "எச்.டி.ஆர்." தட்டாக வெளிவந்தது. அதில் புகைக்குள் நின்ற முகங்கள் கூட வெளியே வந்தன.

அது என்ன எச்.டி.ஆர்.?

மெழுகுவர்த்திக் கணக்கு

"ஹை டைனமிக் ரேஞ்ச்" என்பதன் சுருக்கம்தான் எச்.டி.ஆர். மிகக் கறுப்பான இடத்துக்கும் மிக வெளிச்சமான இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அதிகமாக்கிக் காட்டுவது என்று பொருள்.

துணியை மீட்டரால் அளக்கிறோம். பாலை லிட்டரால் அளக்கிறோம். திரையின் வெளிச்சத்தை எதனால் அளப்பது? அதற்கு "நிட்" என்று ஓர் அளவு உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள ஒரு பரப்பை எண்ணிக் கொள்ளுங்கள். அதில் இருந்து ஒரு மெழுகுவர்த்தி அளவு ஒளி நம்மை நோக்கி வந்தால், அந்தப் பரப்பின் வெளிச்சம் ஒரு நிட். லத்தீன் மொழியில் "பிரகாசிப்பது" என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்த பெயர் இது.

சினிமாக் கொட்டகையில் வெள்ளைத் திரை பளிச்சென்று இருக்கிறதே, அதன் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? ஆயிரம் நிட்? ஐந்நூறு? இரண்டும் அல்ல. கொட்டகைக்கு என்று வைத்திருக்கும் கணக்கு 48 நிட்தான்! அறை முழுவதும் இருட்டாக இருப்பதால் அந்த 48 நிட்டே நமக்குப் பகல் போலத் தோன்றுகிறது.

பழைய காலத்துக் கண்ணாடிக் குழாய் டெலிவிஷனுக்கு 100 நிட் என்று கணக்கு வைத்தார்கள். குழாய் பெட்டிகள் போய்விட்டன. ஆனால் அந்தக் கணக்கு போகவில்லை. இன்றும் சாதாரண ரகப் படங்களை 100 நிட் என்று வைத்துத்தான் தயார் செய்கிறார்கள்.

வெளி உலகம் இப்படியா இருக்கிறது? உச்சி வெயிலில் சூரியனின் வெளிச்சம் சுமார் 160 கோடி நிட். நட்சத்திர வெளிச்சத்தில் கிடக்கும் வயல் ஒரு நிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. இரண்டையும் பார்க்கும் கண் ஒன்றுதான். 100 நிட் படத்தில் சூரியனும் வெள்ளை, வெள்ளை வேட்டியும் வெள்ளை. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் எச்.டி.ஆர். வந்தது.

கண்ணைக் கேட்டார்கள்

வெளிச்சம் எவ்வளவு இருந்தால் போதும்? இதை யாரிடம் கேட்பது? கண்ணிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள், டால்பி கம்பெனி விஞ்ஞானிகள். கொட்டகையில் வைக்கும் பெரிய புரொஜெக்டரின் ஒளி முழுவதையும் ஒரு சிறு திரைக்குள் அடக்கினார்கள். அந்தத் திரை 20,000 நிட் வரை பிரகாசித்தது. ஆட்களை உட்கார வைத்து, "எது வரை பிடிக்கிறது? எது போதும்?" என்று கேட்டார்கள். 10,000 நிட் வரை இருந்தால் பெரும்பாலோருக்குத் திருப்தி என்று தெரிந்தது. அதையே உச்ச அளவாக வைத்துக் கொண்டார்கள். 2014-ம் ஆண்டில் அது உலகத்துக்குப் பொதுவான விதியாக வெளிவந்தது. அதன் பெயர் "பி.க்யூ."

இந்த விதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 0-வில் இருந்து 10,000 வரை ஏற ஒரு மாடிப்படி கட்டுகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். எல்லாப் படிகளையும் ஒரே உயரமாகக் கட்டலாம். அப்படிக் கட்டினால் இருட்டுப் பகுதிக்குச் சில படிகள்தான் கிடைக்கும். நம் கண்ணோ இருட்டில்தான் நுணுக்கமாகப் பார்க்கிறது. ஒரு விளக்கு எரியும் அறையில் இன்னொரு விளக்கை ஏற்றினால் உடனே தெரிகிறது. நூறு விளக்கு எரியும் கல்யாணப் பந்தலில் இன்னொன்றை ஏற்றினால் யாருக்குத் தெரியும்?

ஆகையால் கீழே சின்னச் சின்னப் படிகளாகவும், மேலே போகப் போகப் பெரிய பெரிய படிகளாகவும் கட்டினார்கள். ஏணியில் பாதிப் படிகள் முதல் 100 நிட்டுக்குள்ளேயே முடிந்து விடுகின்றன! முக்கால்வாசி ஏறினால் 1,000 நிட். நூற்றில் 83 பங்கு ஏறினால் 2,000 நிட். 90 பங்கு ஏறினால் 4,000 நிட். மீதி உள்ள பத்துப் பங்கில்தான் 10,000 வரை போகிறது.

கடையில் "இது 1,000 நிட், அது 2,000 நிட்" என்று சொல்வார்கள். இரண்டு மடங்கு பணம் கேட்டாலும் கேட்பார்கள். கண்ணுக்கு அது இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியாது. ஏணியில் எட்டுப் பங்குதான் வித்தியாசம்.

"பழைய பெட்டியே தேவலை!"

ஒரு வீட்டில் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து உயர்ந்த ரகப் பெட்டி வாங்குகிறார்கள். சுவரில் மாட்டுகிறார்கள். பக்கத்து வீட்டாரும் வந்துவிடுகிறார்கள். எச்.டி.ஆர். படம் ஒன்றைப் போடுகிறார்கள். மூலையில் "எச்.டி.ஆர்." என்று எழுத்தும் வருகிறது.

படம் மங்கலாக இருக்கிறது!

"என்னங்க இது, பழைய பெட்டியே தேவலை போல இருக்கே!" என்கிறாள் மனைவி. கணவருக்கு முகம் சுண்டிப் போகிறது. "இரு, இரு, இன்னும் செட் பண்ணலை" என்று ரிமோட்டை எடுத்து எல்லாப் பித்தானையும் அழுத்துகிறார். மங்கல் போகவில்லை.

எத்தனையோ தேசங்களில் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. பெட்டி கெட்டுப் போகவில்லை. கம்பெனி ஏமாற்றவும் இல்லை. காரணம் வேறு.

சாதாரணப் படத்தில் வெளிச்சத்துக்குக் கண்டிப்பான கணக்கு இல்லை. "வெள்ளை என்றால் வெள்ளை. எவ்வளவு வெள்ளை என்பது வீட்டுக்காரர் இஷ்டம்" என்று விட்டுவிடுகிறார்கள். 100 நிட்டுக்காகத் தயாரான படத்தை, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு 300 நிட்டில் பார்க்கிறோம். நம் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது.

எச்.டி.ஆர். படத்தில் அந்தச் சலுகை கிடையாது. "இந்தச் சட்டை 150 நிட். இந்த விளக்கு 900 நிட். இந்த நிழல் அரை நிட்" என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கு எழுதியே அனுப்புகிறார்கள். பெட்டி அந்தக் கணக்குப்படி காட்ட வேண்டும். காகிதம் போன்ற சாதாரண வெள்ளைக்கு 203 நிட் என்று ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் உள்ள வெளிச்சம் எல்லாம் விளக்கு, நெருப்பு, தண்ணீரில் மின்னும் வெயில், மின்னல் இவற்றுக்காகச் சேமித்து வைத்தது.

நேற்று வரை 300 நிட்டில் பார்த்த வெள்ளைச் சட்டை இன்று 150 நிட்டில் தெரிகிறது. மங்கல் என்று தோன்றாமல் என்ன செய்யும்? இருட்டு அறையில் உட்கார்ந்து ஒரு டைரக்டர் செய்த படம் அது. அதை மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

சண்டை இங்கேதான். டைரக்டர், "நான் காட்டிய இருட்டை மாற்றாதே" என்கிறார். வீட்டுக்காரர், "காசு கொடுத்தது நான், எனக்கு முகம் தெரிய வேண்டும்" என்கிறார். 2019-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் போன்ற பெரிய டைரக்டர்கள் டைரக்டர் கட்சிக்கு ஆதரவு தேடிக் கொடுத்தார்கள். அதன் பலன்தான் இன்று பல பெட்டிகளில் இருக்கும் "பிலிம்மேக்கர் மோடு." பெட்டி தன் சாமர்த்தியத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, படத்தை வந்தபடியே காட்டும் ஏற்பாடு அது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. பகலில் அதைப் போட்டுக் கொண்டு கண்ணைச் சுருக்குவதில் லாபமும் இல்லை.

சேலையும் பெட்டியும்

இன்னொரு சிக்கல். படத்தை 4,000 நிட் திரையில் பார்த்துத் தயார் செய்கிறார்கள் என்று வையுங்கள். வீட்டில் இருக்கும் பெட்டிக்கு 800 நிட்தான் சக்தி. மீதி வெளிச்சம் எங்கே போகும்?

ஒன்பது கஜம் சேலையைச் சின்னப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே நிற்பதை வெட்டி எறியலாம். அல்லது முழுச் சேலையையும் மடித்து வைக்கலாம். டெலிவிஷனும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. வெட்டினால், 800 நிட்டுக்கு மேற்பட்டது எல்லாம் ஒரே வெள்ளை. மேகத்தில் இருக்கும் மடிப்புகள் தெரியாது. மடித்தால், மேகம் தெரியும். ஆனால் படம் முழுவதும் கொஞ்சம் அடங்கிப் போகும். இந்த மடிப்பு வேலைக்கு "டோன் மேப்பிங்" என்று பெயர். ஒரு நல்ல பெட்டியையும் சுமாரான பெட்டியையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த மடிப்புத்தான்.

2015-ல் வந்த "எச்.டி.ஆர். 10" என்ற பொது முறையில், படம் முழுவதற்கும் ஒரே மடிப்புக் குறிப்பு. "டால்பி விஷன்", "எச்.டி.ஆர். 10 பிளஸ்" இரண்டிலும் காட்சிக்குக் காட்சி தனிக் குறிப்பு வருகிறது. நேர் ஒளிபரப்புக்கு என்று பிரிட்டிஷ் பி.பி.சி.யும் ஜப்பானிய என்.எச்.கே.யும் சேர்ந்து ஒரு முறை கண்டுபிடித்தார்கள். பழைய பெட்டியிலும் அது ஓரளவு சரியாகத் தெரியும்.

இருட்டு அறையில் பரீட்சை

ஒரு பெட்டியின் வெளிச்சத்தை நிபுணர்கள் எப்படிப் பரீட்சை செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலில் அறையை இருட்டாக்குகிறார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. சிலர் சுவருக்கே கறுப்பு வர்ணம் அடித்து விடுகிறார்கள். போடுகிற சட்டையும் கறுப்பு! வெள்ளைச் சட்டை போட்டால் அது திரையில் பிரதிபலிக்குமாம்.

பெட்டியைப் போட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட விடுகிறார்கள். சூடேறிய பிறகுதான் வெளிச்சம் ஒரு நிலைக்கு வரும். அப்புறம் திரைக்கு எதிரே ஒளிமானியை வைக்கிறார்கள். கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. அதில் இருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போகிறது. இன்னொரு கருவி திரைக்குக் கட்டங்களை அனுப்புகிறது.

கறுப்புத் திரையின் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றுகிறது. திரையின் பரப்பில் நூற்றில் பத்துப் பங்கு. 65 அங்குலப் பெட்டியில் அந்தக் கட்டம் சுமார் ஒன்றரை அடி அகலமும், முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரமும் இருக்கும். மானி அளக்கிறது. "1,000 நிட்" என்று கம்ப்யூட்டரில் எழுத்து வருகிறது.

கட்டத்தைச் சிறிதாக்குகிறார்கள். நூற்றில் இரண்டு பங்கு. வெளிச்சம் கூடலாம். பெரிதாக்குகிறார்கள். நூற்றில் இருபத்தைந்து, ஐம்பது, முழுத் திரை. வெளிச்சம் இறங்குகிறது, இறங்குகிறது. பத்துப் பங்குக் கட்டத்தில் 800 நிட் காட்டிய பெட்டி, முழுத் திரையில் 200 நிட்டுக்கும் கீழே போய்விடுவது உண்டு!

இது என்ன மாயம்? ஓ.எல்.இ.டி. என்ற ரகப் பெட்டியில் பின்னால் விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. 4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். அத்தனையும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக எரிந்தால் கரண்டு தாங்காது, திரை சூடாகிக் கெட்டுவிடும். ஆகவே பெட்டி தானே கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. ஒரே படம் நெடுநேரம் அசையாமல் நின்றாலும் மெள்ள மெள்ள மங்கிக் கொள்கிறது. இதனால் நிபுணர்கள் ஒரு கட்டத்தைச் சட்டென்று அளந்துவிட்டு, நடுவில் கறுப்பைக் காட்டித் திரையை ஆற விடுகிறார்கள்.

பின்னால் ஆயிரக்கணக்கான சின்ன விளக்குகள் வைத்த "மினி எல்.இ.டி." பெட்டிக்கு இந்தக் கஷ்டம் குறைவு. முழுத் திரையும் நன்றாக எரியும். ஆனால் அதற்கு வேறு பரீட்சை இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியை ஓட விடுகிறார்கள். புள்ளியைச் சுற்றி நிலாவுக்குப் பரிவட்டம் கட்டியது போல ஒளி கசிகிறதா என்று பார்க்கிறார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும் இடத்தில் இந்தக் கசிவு நன்றாகத் தெரியும்.

வெளிச்சம் மட்டும் இருந்தால் போதாது, கறுப்பும் வேண்டும் என்பதை 2016-ல் வந்த ஒரு விதியே ஒப்புக் கொண்டது. உயர்ந்த ரகப் பெட்டி என்று முத்திரை வாங்க இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, உச்சம் 1,000 நிட்டுக்கு மேல், கறுப்பு 0.05 நிட்டுக்குக் கீழ். அல்லது உச்சம் 540 நிட் இருந்தால் போதும். ஆனால் கறுப்பு 0.0005 நிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் வழியில் வெள்ளை, கறுப்பைப் போல 20 ஆயிரம் மடங்கு. இரண்டாவதில் 10 லட்சம் மடங்குக்கும் மேல்! இன்று உயர்ந்த ரகப் பெட்டிகள் 2,000 நிட்டையும் தாண்டிவிட்டன.

உச்சத்தை அளப்பது பரீட்சையில் சுலபமான பகுதி. கஷ்டமானது அடுத்ததுதான். ஏணியின் ஒவ்வொரு படியிலும், "கணக்குப்படி எவ்வளவு வர வேண்டும்? எவ்வளவு வந்தது?" என்று பார்க்க வேண்டும். 10 நிட் கேட்டால் 10 வருகிறதா? 100 கேட்டால் 130 வருகிறதா? சில பெட்டிகள் எல்லாவற்றையும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். கடையில் விற்கும். ஆனால் மங்கலான சாயங்காலக் காட்சி, மத்தியானம் ஆகிவிடும்.

இன்ஸ்பெக்டர் வருகிறார்!

2022-ம் ஆண்டில் ஒரு கூத்து நடந்தது.

ஒரு பெரிய கம்பெனியின் விலை உயர்ந்த பெட்டிகளை நிபுணர்கள் பரீட்சை செய்தார்கள். பத்துப் பங்குக் கட்டத்தை வைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அளவு சொன்னது ஒன்று, கண் சொன்னது ஒன்று. படம் போட்டால் அந்த அளவுக்கு ஒத்து வரவில்லை.

ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. கட்டத்தைப் பத்துப் பங்கில் இருந்து ஒன்பது பங்காகக் குறைத்தார். அவ்வளவுதான். பெட்டி வேறு மாதிரி நடந்து கொண்டது!

விஷயம் இதுதான். எல்லா நிபுணர்களும் பத்துப் பங்குக் கட்டத்தையே வழக்கமாக வைப்பார்கள். அந்தக் கட்டம் வந்ததும் பெட்டிக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. உடனே நல்ல பிள்ளை ஆகிவிடுகிறது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் துவைத்த சட்டை போட்டு வரும் பையனைப் போல! ஒரு மாடலில், பரீட்சைக் கட்டத்தின்போது மட்டும் வெளிச்சம் 80 சதவீதம் வரை கூடியதாகக் கண்டுபிடித்தார்கள். செய்தி வெளியானதும், சாப்ட்வேர் திருத்தம் தருவதாகக் கம்பெனி அறிவித்தது.

2015-ல் ஜெர்மன் நாட்டு வோக்ஸ்வாகன் கார்கள் புகைப் பரீட்சையை அடையாளம் கண்டு ஏமாற்றிய கதை ஞாபகம் இருக்கலாம். அதில் ஊரின் காற்று கெட்டது. இதில் யாருக்கும் நோய் வரவில்லை. ஆனால் லட்ச ரூபாய் கொடுத்தவன் எதை நம்பி வாங்குவது? அதற்குப் பிறகு சில நிபுணர்கள் வழக்கமான அளவோடு நிற்பதில்லை. ஒன்பது பங்கு போன்ற ஒற்றைப்படைக் கட்டமும் வைக்கிறார்கள். சினிமாக் காட்சியையே நிறுத்தி அதில் இருக்கும் விளக்கையும் அளக்கிறார்கள்.

கடைக்குப் போகிறவர்களும் இதில் இருந்து ஒன்று தெரிந்து கொள்ளலாம். அட்டைப் பெட்டியில் "4,000 நிட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், எத்தனை பங்குக் கட்டத்தில் அளந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், அந்த எண்ணை மறந்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

வீட்டில் திருத்துவது

ஒளிமானி எல்லார் வீட்டிலும் இருக்காது. அது இல்லாமலே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

புதுப் பெட்டியை முதலில் போடும்போது, "வீடா, கடையா?" என்று அது கேட்கும். வீடு என்றுதான் சொல்ல வேண்டும். கடை என்று சொல்லிவிட்டால், நாலு பெட்டிகளுக்கு நடுவே தன்னைத் தூக்கிக் காட்டும் வெறி வெளிச்சத்திலேயே அது ஓடிக் கொண்டு இருக்கும்.

அடுத்தது கரண்டு மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. ஐரோப்பாவில் 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி முதல் டெலிவிஷன்களுக்குக் கரண்டுக் கட்டுப்பாடு கடுமையானது. அதற்காகப் பல பெட்டிகள் தொழிற்சாலையில் இருந்தே மங்கலாகத் திருத்தி அனுப்பப்படுகின்றன. மெனுவில் "எனர்ஜி சேவிங்", "ஈகோ", "பவர் சேவிங்" என்று பல பெயரில் அது ஒளிந்து இருக்கும். படம் மங்கல் என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கரண்டுச் செலவு கூடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று. இந்தத் திருத்தம் எல்லாம் எச்.டி.ஆர். படம் ஓடிக் கொண்டு இருக்கும்போது செய்ய வேண்டும். சாதாரணப் படத்துக்கு ஒரு கணக்கு, எச்.டி.ஆருக்கு ஒரு கணக்கு, டால்பி விஷனுக்கு ஒரு கணக்கு என்று பெட்டி தனித்தனியாக வைத்திருக்கும். செய்தி ஓடும்போது திருத்திவிட்டு, "சினிமாவில் ஒன்றும் மாறவில்லையே" என்று முறையிடுவதில் பயன் இல்லை.

வெளியில் இருந்து ஒரு தட்டுக் கருவியோ விளையாட்டுக் கருவியோ இணைத்திருந்தால், அந்த எச்.டி.எம்.ஐ. வாசலுக்கு "டீப் கலர்" என்ற ஏற்பாடு வேண்டியிருக்கலாம். சில பெட்டிகளில் அது மூடியே இருக்கும். திறந்துவிட்டால்தான் எச்.டி.ஆர். உள்ளே வரும்.

இனி வெளிச்சப் பித்தான்கள். இங்கே பெயர்க் குழப்பம் பெரிய குழப்பம். ஒரு கம்பெனியில் "பிரைட்னஸ்" என்றால் திரை முழுவதின் வெளிச்சம். இன்னொரு கம்பெனியில் அதே "பிரைட்னஸ்" கறுப்பின் அளவை மாற்றும். அதை ஏற்றினால் வெளிச்சம் கூடாது. கறுப்பு வெளுத்துச் சாம்பல் ஆகிவிடும்! ஒன்றைத் தொட்டுப் பார்த்து, கறுப்பு வெளுத்தால் உடனே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். திரையின் விளக்கை எச்.டி.ஆர். படத்துக்குக் கம்பெனி உச்சத்திலேயே வைத்திருக்கும். அதை அப்படியே விடலாம்.

அதற்கு மேலும் படம் மங்கலாக இருந்தால், முன்னே சொன்ன மடிப்பு வேலையைத் தேடுங்கள். "டோன் மேப்பிங்" என்று மெனுவில் இருக்கும். "டைனமிக்", "ஆக்டிவ்" என்பது போன்ற பெயரில் உள்ளதைப் போட்டால், பெட்டி காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும். டைரக்டரின் கணக்கு அப்போது தவறும். பகலில் பார்க்கும் குடும்பத்துக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. பகலுக்கு ஒரு மோடு, இரவுக்குப் பிலிம்மேக்கர் மோடு என்று இரண்டு வைத்துக் கொள்வது நல்ல ஏற்பாடு.

பரீட்சைக்குத் தனித் தட்டுகள் விற்கின்றன. ஸ்டேசி ஸ்பியர்ஸ், டான் மன்சில் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தயாரித்த தட்டு உலகம் முழுவதும் பெயர் பெற்றது. அதுவும் இல்லை என்றால், நன்றாகப் பார்த்துப் பழகிய எச்.டி.ஆர். படம் ஒன்று போதும். இரவுக் காட்சி ஒன்றில் நிறுத்துங்கள். கறுப்புக் கோட்டின் மடிப்பு தெரிய வேண்டும். ஆனால் திரையின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை கறுப்பாகவே இருக்க வேண்டும். பிறகு வெயில் காட்சி ஒன்றில் நிறுத்துங்கள். வெள்ளை மேகத்துக்குள் மேகம் தெரிய வேண்டும். வெறும் சுண்ணாம்புச் சுவராகத் தெரிந்தால் மடிப்பு சரியில்லை.

வர்ணத்தை "வார்ம்" பக்கம் வைத்தால் முதலில் எல்லாம் மஞ்சளாகத் தோன்றும். பிள்ளைகள் "ஐயே!" என்பார்கள். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் கண் பழகிவிடும். அதற்குப் பிறகு பழைய நீல வெளிச்சத்துக்குத் திரும்பினால் அதுதான் விகாரமாகத் தோன்றும்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலை சுலபம். கருவிக்குள்ளேயே எச்.டி.ஆர். பரீட்சை இருக்கிறது. திரையில் ஓர் உருவம் தோன்றும். அது கண்ணுக்கு மறைகிற தறுவாய் வரைக்கும் பித்தானை அழுத்த வேண்டும். பெட்டியின் உச்சம் எது என்று கருவி அப்போது தெரிந்து கொள்கிறது. அதற்குத் தகுந்தபடி அளவாகவே வெளிச்சத்தை அனுப்புகிறது. சேலையைத் தைக்கும்போதே பெட்டிக்குத் தக்கபடி தைப்பது போல! அப்போது பெட்டியின் மடிப்பு வேலையை நிறுத்திவிடலாம். சில பெட்டிகளில் இதற்கென்று "எச்.ஜி.ஐ.ஜி." என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பெட்டியும் மடித்து, கருவியும் மடித்தால் படம் கெட்டுவிடும்.

அறையின் வெளிச்சத்தைத் தானே பார்த்துப் படத்தைத் திருத்திக் கொள்ளும் பெட்டிகளும் 2020-ம் ஆண்டு முதல் வருகின்றன. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். பகலில் நிழலைத் தூக்கிக் காட்டும். விளக்கை அணைத்தால் டைரக்டரின் கணக்குக்குத் திரும்பிவிடும். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொம்மையோ போட்டோவோ வைத்து மறைக்கக் கூடாது.

இரவில் பார்ப்பவர்கள் அறையைக் கும்மிருட்டு ஆக்க வேண்டியது இல்லை. படம் தயாரிக்கும் அறைகளிலேயே திரையைச் சுற்றி 5 நிட் அளவு மங்கலான ஒளி வைத்துக் கொள்வது முறை. பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன வெள்ளை விளக்கை ஒளித்து வைத்தால் போதும். விளக்கு கண்ணில் படக் கூடாது, திரையிலும் பிரதிபலிக்கக் கூடாது. மஞ்சள் விளக்கு, ஓடி ஓடி நிறம் மாறும் விளக்கு இரண்டும் வேண்டாம். படத்தின் நிறம் மாறித் தெரியும்.